புகையா, பனியா?

“உண்மைதானே மாமா இது? அப்புறம் ஏன் தப்புன்னு போட்டிருக்கு?”

அக்கா மகள் இப்படிக் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அன்றைக்கு நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. அதற்குப் பிறகு திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே எத்தனையோ முறை போய் வந்துவிட்டேன். அந்தக் கேள்வியும் கூடவே வந்தது. உண்மையான ஒரு வாக்கியம் எப்படித் தவறான விடையாக முடியும்?

அவள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். சட்டம்தான் படிப்பேன் என்பதில் உறுதியாக இருந்தாள். விழுப்புரம் அரசு சட்டக் கல்லூரியில் சேர பிளஸ் டூ மதிப்பெண் போதும், நுழைவுத் தேர்வு கிடையாது. திருச்சியில் இருக்கும் தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கோ, பெங்களூருவின் தேசிய சட்டப் பள்ளிக்கோ போக வேண்டுமானால் ‘கிளாட்’ எழுத வேண்டும். 2008-இல் தொடங்கிய தேர்வு. இப்போது 120 நிமிடத்தில் 120 கேள்விகள். சரியான விடைக்கு 1 மதிப்பெண், தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழிவு. எல்லாம் ஆங்கிலத்தில். அதில் 22 முதல் 26 கேள்விகள் வரை ‘லாஜிகல் ரீசனிங்’. ஏறக்குறைய 450 சொற்களில் ஒரு பத்தியைக் கொடுத்து, இதிலிருந்து என்ன பெறப்படுகிறது, இந்த வாதம் எதை நம்பி நிற்கிறது, எது இதை வலுவாக்கும், எது உடைக்கும் என்று கேட்பார்கள்.

அவளைக் குழப்பிய கேள்வியின் சாரம் இது. ஒரு கடைத்தெருவில் 100 கடைகள். பிளாஸ்டிக் பை கொடுத்தால் அபராதம் என்று அறிவிப்பதற்கு முன் 100 கடைகளிலும் பை கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து அதே 100 கடைகளை எண்ணிப் பார்த்தபோது 30 கடைகளில் மட்டுமே கொடுத்தார்கள். இதிலிருந்து உறுதியாகப் பெறப்படுவது எது? முதல் விடை: பிளாஸ்டிக் மண்ணைக் கெடுக்கும். இரண்டாவது: அபராதத்துக்குப் பயந்துதான் கடைக்காரர்கள் பையை நிறுத்தினார்கள். மூன்றாவது: முன்பு பை கொடுத்த கடைகளில் சில இப்போது கொடுப்பதில்லை.

அவள் முதல் விடையைக் குறித்திருந்தாள். எட்டாம் வகுப்பில் அதற்காகவே அட்டை எழுதி ஊர்வலம் போனவள் அவள். முப்பது வருஷம் தமிழாசிரியராக இருந்த நான் இரண்டாவதைத்தான் குறித்திருப்பேன். சரியான விடை மூன்றாவது. எவ்வளவு சாதுவான வாக்கியம் அது! புதிதாக ஒன்றுமே சொல்லாததுபோல் ஓரமாக நிற்கிறது. ஆனால் அந்தப் பத்தியை நம்புகிற எவராலும் மறுக்க முடியாத வாக்கியம் அது ஒன்றுதான்.

முதல் விடை உலகத்தில் உண்மை. ஆனால் பத்தி மண்ணைப் பற்றி வாயே திறக்கவில்லை. அந்த உண்மை இவள் மனசிலிருந்து வந்தது, எதிரே இருந்த தாளிலிருந்து வரவில்லை. இரண்டாவது விடை உண்மையாக இருக்கலாம். அந்த ஆறு மாதத்தில் பை விலை ஏறியிருக்கலாம், வாடிக்கையாளர்களே மஞ்சள் பை கொண்டுவரத் தொடங்கியிருக்கலாம். ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்தது என்பது மட்டுமே நமக்குத் தெரியும்.

திண்டிவனத்துக்காரர்களுக்கு இது புது விஷயம் இல்லை. எங்கள் ஊர் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த வேர்க்கடலை ரகங்களுக்கு டி.எம்.வி. என்று பெயர். அந்த மூன்று எழுத்தும் திண்டிவனம்தான். ஒரு புது ரகம் நன்றாகக் காய்த்துவிட்டது என்பதற்காக அதை நல்ல ரகம் என்று அங்கே எழுதிவிடுவதில்லை. பக்கத்துப் பாத்தியில், அதே மண்ணில், அதே மழையில், அதே உரத்தில் பழைய ரகத்தையும் போட்டுப் பார்க்க வேண்டும். விளைந்தது விதையாலா, மழையாலா என்று பிரித்துப் பார்க்காமல் ‘விதையால்தான்’ என்று சொல்லக் கூடாது.

அந்த ‘தான்’ என்ற சொல்லில்தான் என் மனசு போய் நின்றது.

அவளை மிகவும் திணறடித்தது ‘இஃப்’, ‘ஒன்லி இஃப்’ என்ற இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம். பயிற்சிப் புத்தகத்தில் அம்புக்குறி போட்டு, எழுத்துகளை மாற்றி வைத்து, இரண்டு பக்கத்துக்கு விளக்கியிருந்தார்கள். அவளுக்கு ஏறவில்லை. நான் சொன்னேன்: “ரேஷன் கார்டு இருந்தா அரிசி கெடைக்கும். ரேஷன் கார்டு இருந்தாத்தான் அரிசி கெடைக்கும். ரெண்டும் ஒண்ணாம்மா?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்: “மொதல்ல சொன்னது, கார்டு இருந்தா போதும். ரெண்டாவது, கார்டு இல்லாம நடக்காது. ஆனா கார்டு இருந்தும் அன்னிக்கு ஸ்டாக் இல்லன்னா கெடைக்காமலும் போகலாம்.”

இரண்டு பக்கத்து அம்புக்குறிகள் தர முடியாத தெளிவை ஒரு ‘தான்’ தந்துவிட்டது. போதுமான நிபந்தனை எது, இன்றியமையாத நிபந்தனை எது என்பதை நம் பாட்டிமார் நாள்தோறும் பேச்சில் பிரித்தே வைத்திருந்தார்கள். அன்று தொடங்கி நாங்கள் இருவரும் தமிழ்ச் சொற்களின் வால்களை எண்ண ஆரம்பித்தோம். ‘100 கடைகளிலும்’ என்பதில் வரும் உம், ஒன்றும் மிச்சமில்லை என்கிறது. இலக்கணத்தில் அதற்கு முற்றும்மை என்று பெயர். ‘அவனும் வந்தான்’ என்பதில் வரும் உம், வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்று சொல்லாமல் சொல்கிறது. அது எச்ச உம்மை. ‘அவனே செய்தான்’ என்னும்போது ஏகாரம் மற்றவர்களைப் பிரித்து வெளியே நிறுத்துகிறது. வகுப்பில் மதிப்பெண்ணுக்காக நான் மனப்பாடம் செய்ய வைத்தவை இவை. வாதத்தின் கணக்கு முழுவதும் இந்தச் சின்ன இடைச்சொற்களில் இருக்கிறது என்று ஒரு நாளும் நான் வகுப்பில் சொன்னதில்லை.

ஒரு நாள் அவளை விழுப்புரத்துக்குக் கூட்டிப்போனேன். சட்டம் படிக்கப் போகிறவள் கோர்ட்டை ஒரு முறையாவது பார்க்கட்டும் என்று நினைத்தேன். ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில் ஓர் அறையின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். சாட்சிக் கூண்டில் ஒரு பெரியவர். அவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் ‘ஆம்’ வைத்து முடித்துக்கொண்டிருந்தார். அவன் அங்கே போனானாம், இவரோடு சண்டை போட்டானாம். வக்கீல் குரலை உயர்த்தவில்லை. “ஐயா, நீங்க பாத்தீங்களா, யாராவது சொல்லிக் கேட்டீங்களா?” என்று மட்டும் கேட்டார். பெரியவர் நேர்மையானவர். “ஊர்ல பேசிக்கிட்டாங்க” என்றார்.

அக்கா மகள் என் கையைத் தொட்டாள். பார்த்தால் ‘போனான்’, கேள்விப்பட்டால் ‘போனானாம்’. கேள்விச் சாட்சியத்தைப் பொதுவாக ஏற்பதில்லை என்று சாட்சியச் சட்டம் எழுதி வைத்திருப்பதை, பொய் சொல்லத் தெரியாத ஒரு கிழவரின் நாக்கு தானாகவே பிரித்துச் சொல்லிவிட்டது. அந்த ‘ஆம்’ ஒன்றை நடுவில் யாராவது உருவி எடுத்துவிட்டால் போதும், வதந்தி சாட்சியம் ஆகிவிடும்.

ரயிலில் திரும்பும்போது அவள் கேட்டாள்: “லாஜிக்குக்குத் தமிழ்ல என்ன மாமா?” தருக்கம் என்று எல்லாரும் சொல்வார்கள். அதைவிடப் பழக்கமான இன்னொரு சொல் நம்மிடம் இருக்கிறது: அளவை.

மணிமேகலையில் இது பெரிய பொருள். வஞ்சி நகரில் மணிமேகலை சந்திக்கும் சமயவாதிகளில் முதலில் பேசுகிறவனே அளவைவாதி. காண்டல், கருதல், உவமம் என்று அறியும் வழிகளை எண்ணி அவளிடம் சொல்கிறான். பிறகு காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்குப் பாடம் நடத்துகிறார். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம். ஏனென்றால் புகை தெரிகிறது, இது ஏது. அடுக்களையைப் போல, இது எடுத்துக்காட்டு. திண்டிவனத்திலிருந்து வந்தவாசி வழியாகப் போனால் காலையில் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்கு முன் சேர்ந்துவிடக்கூடிய ஊர் காஞ்சிபுரம். அங்கே ஒரு பெண் தருக்கம் படித்ததாக ஒரு காப்பியம் ஒரு காதை முழுக்கச் சொல்கிறது. உ.வே.சா. அதை 1898-இல் அச்சேற்றினார். நான் அதைப் பலமுறை படித்தவன்தான். இவள் கேட்ட கேள்வியோடு படித்தபோதுதான் அது வேறு புத்தகமாக எனக்குத் திறந்தது.

புகை இருந்தால் நெருப்பு உண்டு. நெருப்பு இருந்தால் புகை இருக்க வேண்டும் என்பதில்லை. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் புகை ஏது? திசையை மாற்றிப் போட்டால் வாதம் பொய்யாகிவிடும். அறவண அடிகள் சரியான வாதத்தோடு நிறுத்திக்கொள்வதில்லை. தவறான வாதங்களையும் வகை வகையாகப் பிரித்துக் காட்டுகிறார். பக்கப் போலி, ஏதுப் போலி, எடுத்துக்காட்டுப் போலி. ‘போலி’ என்ற பெயரே எவ்வளவு பொருத்தம்! பார்வைக்கு அசலைப் போலவே இருக்கும். அவற்றில் ஒன்று என்னை இன்றுவரை விடவில்லை. தூரத்தில் வெள்ளையாக ஏதோ எழுகிறது. ஆவியா, பனியா என்ற சந்தேகம் தீரவில்லை. தீராமலே, அது புகைதான் என்று வைத்துக்கொண்டு, அங்கே நெருப்பு உண்டு என்று ஒருவன் துணிந்துவிடுகிறான். இதையும் ஏதுப் போலி என்கிறது அந்தக் காதை.

எங்கள் பக்கத்து மண்ணிலும் இந்தப் பயிற்சி உண்டு. திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட வட்டாரத்தில் மேல்சித்தாமூர் இருக்கிறது, தமிழ்ச் சமணர்களின் மடம் உள்ள ஊர். தமிழில் வாதத்துக்காகவே எழுந்த நூல் சமணர்களின் நீலகேசி. பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர் என ஒவ்வொருவரிடமும் போய் ஒரு பெண் வாதிடுகிறாள். எந்தக் கூற்றையும் ‘ஒரு நிலையிலிருந்து பார்த்தால்’ என்ற எல்லையோடு சொல்ல வேண்டும் என்பது சமணம் கற்பித்த அடக்கம். நன்னூல் சொல்லும் ஏழு மதங்களில், பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களைவதும் ஒன்று. மறுப்பதற்கு முன் எதிராளி சொன்னதை அவர் சொன்னபடியே கையில் ஏந்த வேண்டும். நுழைவுத் தேர்வுப் பத்தி அக்கா மகளிடம் கேட்டதும் அதைத்தான்.

இது வெறும் மதிப்பெண் விஷயமாக இருந்தால் இவ்வளவு எழுத மாட்டேன். பனியைப் புகை என்று துணிந்தவர்களால் இந்த மண் பட்ட பாட்டையும் நான் அறிவேன்.

எங்கோ ஒரு திருட்டு. பக்கத்தில் ஏரிக்கரையோரம் இருளர் குடியிருப்பு. ஆகவே அவர்களில் ஒருவன்தான் எடுத்திருப்பான். இந்த ‘ஆகவே’ எத்தனை குடும்பங்களின் மேல் விழுந்திருக்கிறது! திண்டிவனத்தில் பேராசிரியராக இருந்த பிரபா கல்விமணி, பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தை அமைத்து, அந்த மக்கள் மேல் போடப்பட்ட பொய் வழக்குகளுக்கு எதிராகப் பல ஆண்டுகள் நின்றவர். அவர் கேட்டதெல்லாம் ஒரு தருக்கக் கேள்விதான்: அருகில் இருந்தான் என்பதிலிருந்து திருடினான் என்பது எப்படிப் பெறப்படும்?

1993-இல், விழுப்புரமும் கடலூரும் ஒரே தென்னார்க்காடு மாவட்டமாக இருந்த காலத்தின் கடைசி மாதங்களில், விருத்தாசலத்தை அடுத்த முதனை கிராமத்திலிருந்து ராஜாக்கண்ணு என்ற குறவர் சமூகத்தவரைத் திருட்டு வழக்கில் போலீசார் கொண்டுபோனார்கள். தப்பி ஓடிவிட்டார் என்று பிறகு சொன்னார்கள். ஆள் காணவில்லை என்பது உண்மை. அதிலிருந்து, ஆள் ஓடிவிட்டார் என்பது பெறப்படுமா? அவருடைய மனைவி அதை ஏற்கவில்லை. வழக்கறிஞர் கே. சந்துரு வழியாக உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். காவலில் நடந்த சித்திரவதையில் ராஜாக்கண்ணு இறந்தார் என்பது நிலைநின்று, போலீஸ்காரர்களுக்குத் தண்டனை என்று 2006-இல் உயர் நீதிமன்றம் சொன்னபோது 13 ஆண்டுகள் ஓடியிருந்தன. ‘ஜெய் பீம்’ படம் வந்த பிறகு உலகம் அறிந்த கதை இது. அந்தக் கிராமத்துப் பெண், சொல்லப்பட்ட காரணத்துக்கும் எட்டப்பட்ட முடிவுக்கும் நடுவில் இருந்த பள்ளத்தைக் கண்டு, அங்கேயே கால் ஊன்றி நின்றார். அளவை படித்த எவருக்கும் குறைந்தவர் இல்லை அவர்.

இதை எழுதும் தகுதி எனக்கு முழுதாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். பல வருஷத்துக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவியின் பரீட்சைக் கட்டணம் காணாமல் போனது. இடைவேளையில் வகுப்பிலேயே இருந்தவன் ஒரே ஒரு பையன். ஏரிக்கரைக் குடியிருப்பிலிருந்து வருபவன். நான் அவனை அடிக்கவில்லை, திட்டவில்லை. எல்லார் முன்னாலும் “பையைத் திறந்து காட்டுப்பா” என்று மட்டும் சொன்னேன். அவன் காட்டினான். அதில் ஒன்றும் இல்லை. இரண்டு நாள் கழித்து அந்த மாணவியின் நோட்டு அட்டைக்குள்ளேயே பணம் கிடைத்தது. நான் அவனிடம் வருத்தம் சொன்னேன். “பரவால்ல சார்” என்றான். அந்த வருஷம் முழுக்க என் வகுப்பில் அவன் ஒரு தடவைகூடக் கை தூக்கவில்லை.

அவன் அறையில் இருந்தான் என்பது எனக்குத் தெரிந்தது. எடுத்திருக்கலாம் என்பதுவரைகூட நியாயம், யாராயிருந்தாலும் எடுத்திருக்கலாம். ஆனால் பையைத் திறக்கச் சொன்ன அந்தக் கணத்தில் என் ‘லாம்’ உள்ளுக்குள் ‘தான்’ ஆகிவிட்டது. அவன் குடியிருப்பின் பெயர்தான் அந்த இடைவெளியை நிரப்பியது. தாளில் இல்லாததை என் மனசிலிருந்து எடுத்து அவன் கணக்கில் எழுதினேன்.

1984-இல் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன ஐந்து நெறிகளை இன்றும் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். மனைவி நஞ்சால் இறந்த வழக்கு. கீழ்க்கோர்ட்டு கணவனுக்குத் தூக்கு விதித்தது, பம்பாய் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது, உச்ச நீதிமன்றம் விடுவித்தது. நேரில் பார்த்த சாட்சி இல்லாமல் சூழ்நிலைச் சாட்சியத்தால் மட்டும் ஒருவரைக் குற்றவாளி என்று சொல்ல வேண்டுமானால், சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் நிரூபிக்கப்பட வேண்டும், வேறு எந்த விளக்கத்துக்கும் இடம் இருக்கக் கூடாது. குற்றவாளியாக ‘இருக்கலாம்’ என்பதற்கும் ‘இருந்தே ஆக வேண்டும்’ என்பதற்கும் நடுவே உள்ள தூரம் நெடியது என்பதே அதன் உயிர். அந்தத் தூரத்தின் ஒரு முனையில் வீடு, மறுமுனையில் தூக்குக் கயிறு. அக்கா மகளின் கேள்வித்தாளில் ‘மே பி ட்ரூ’, ‘மஸ்ட் பி ட்ரூ’ என்று வருவதும் இதே தூரம்தான். அங்கே தவறினால் கால் மதிப்பெண்.

அளவை என்ற சொல்லுக்கு இப்போது வருகிறேன். எங்கள் பக்கம் கடலையைப் படியில் அளந்து கொடுத்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. வாங்கும்போது கூம்பாகக் குவித்து அளப்பவனும் உண்டு, தலைதட்டி அளப்பவனும் உண்டு. கூம்பாக அளந்தவனுக்கு அந்த மேல்குவியல் வானத்திலிருந்து வரவில்லை. வெயிலில் நின்று கடலை பிடுங்கியவளின் மூட்டையிலிருந்து வந்தது. நியாயஸ்தன் என்று ஊர் சொன்னது தலைதட்டி அளந்தவனைத்தான்.

முடிவு செய்வதும் அளப்பதுதான். காரணம் எவ்வளவு கொள்கிறதோ அவ்வளவோடு முடிவைத் தலைதட்ட வேண்டும். நமக்குத் தெரிந்ததற்கு மேல் ஒருவரைப் பற்றி ஒரு சொல் குவித்தால், அந்த அதிகப்படியை நாம் சுமப்பதில்லை, அவர் சுமக்கிறார். ராஜாக்கண்ணு உயிராலே சுமந்தார். என் மாணவன் தூக்காத கையாலே சுமந்தான். உண்மையான வாக்கியம் ஏன் தவறான விடை என்று அவள் கேட்டதற்கு என் பதில் இப்போது இதுதான்: அது உண்மையாக இருக்கலாம்மா, ஆனால் இந்தப் பத்தியை எழுதியவர் அதைச் சொல்லவில்லை. சொல்லாததைச் சொன்னதாக எடுத்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை. கூர்மையான மூளையை விட முதலில் வேண்டியது அந்த மரியாதை. அது இல்லாத கெட்டிக்காரத்தனம் எந்தப் பனியையும் புகை என்று வாதாடி ஜெயித்துவிடும்.

டிசம்பர் தொடக்கத்து ஞாயிற்றுக்கிழமை. மதியம் இரண்டு மணிக்குச் சென்னையில் தேர்வு. விடியும் நேரத்தில் திண்டிவனத்தில் பஸ் ஏறினோம். ஒலக்கூர் தாண்டி, தொழுப்பேடு தாண்டி வண்டி போனது. மழை ஓய்ந்திருந்த கார்த்திகை மாதம். அவள் புத்தகத்தைத் திறக்கவே இல்லை, ஜன்னல் ஓரத்தில் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அச்சிறுபாக்கம் மலை தெரிந்தது. அதன் அடிவாரத்தில் வெள்ளையாக ஏதோ மெல்ல எழுந்து நின்றது.

“மாமா, அது புகையா, பனியா?”

நான் கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். தெரியவில்லை.

“கிட்டப் போனாத்தாம்மா தெரியும்” என்றேன். அவள் தலையாட்டினாள். பஸ் மலையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.